பனிக்கட்டி மாளிகையில் ஒரு வீடு

சென்னை மெரினா கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? காமராஜர் சாலையில், கடலைப் பார்த்தபடி, முன்பக்கம் உருண்டையாக வளைந்து நிற்கும் ஒரு பழைய கட்டடம் உண்டு. இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் திருவல்லிக்கேணிக்காரர்கள் அந்த வட்டாரத்தை இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள்.

வெயில் கொளுத்தும் சென்னையில் ஐஸ் ஹவுஸா என்று ஆச்சரியமாக இருக்கிறதா? ஃபிரிட்ஜ் என்ற பொருளே இல்லாத காலம் அது. அமெரிக்காவில் ஃபிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்து போகும். அந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, உருகாமல் இருக்க மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, கடல் கடந்து இந்தியாவுக்கு அனுப்பி விற்றார். அப்படி வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842ல் கட்டப்பட்டதுதான் அந்தக் கட்டடம்.

பிறகு இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கினார்கள். கப்பல் ஐஸுக்கு மவுசு போயிற்று. பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அந்தக் கட்டடத்தை வாங்கி, சன்னல்கள் வைத்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே ஒன்பது நாட்கள் தங்கினார்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பின்னால் நடந்த ஒன்று அவ்வளவாகத் தெரியாது. யாரும் ஏற்றுக்கொள்ளாத சிறுமிகளுக்காக, ஒரு பெண்மணி அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டை நடத்தினார். அவர்தான் சகோதரி சுப்புலட்சுமி. புகழ் பெற்ற பாடகி எம். எஸ். சுப்புலட்சுமி வேறு, இவர் வேறு. இவருடைய முழுப்பெயர் ஆர். எஸ். சுப்புலட்சுமி. சிஸ்டர் என்றால் சென்னையில் அப்போது எல்லாருக்கும் தெரியும்.

மயிலாப்பூரில் பிறந்தவர்

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி மயிலாப்பூரில் பிறந்தார். அப்பா சுப்பிரமணிய ஐயர், அம்மா விசாலாட்சி. தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த, ஆசாரம் மிகுந்த குடும்பம். மூத்த மகளான சுப்புலட்சுமி படிப்பில் படுசுட்டி. நான்காம் வகுப்புக்கு அப்போது பொதுத் தேர்வு உண்டு. ஒன்பது வயதில் அந்தத் தேர்வை எழுதி, செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார்.

அந்தக் காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பெண் குழந்தைகளுக்கு விவரம் தெரியும் முன்பே திருமணம் செய்து வைத்துவிடுவார்கள். உங்களில் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு படிக்கிறவர்களின் வயதுதான் இருக்கும். சுப்புலட்சுமிக்கும் அப்படித்தான் திருமணம் நடந்தது. கொஞ்ச நாளிலேயே அந்தப் பையன் இறந்துபோனான்.

அத்தோடு அந்தச் சிறுமியின் வாழ்க்கையும் முடிந்துவிட்டது என்றுதான் ஊர் நினைத்தது. கணவனை இழந்த பெண் சின்னக் குழந்தையாக இருந்தாலும் பூ வைத்துக்கொள்ளக் கூடாது. பொட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. வண்ணப் பாவாடை கட்டக் கூடாது. தலையை மழித்துவிடுவார்கள். கல்யாணம், பண்டிகை என்றால் முன்னால் வரக் கூடாது. காலையில் அவள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அடுப்படியின் மூலையில் வேலை செய்துகொண்டே காலம் கழிக்க வேண்டியதுதான். மறுபடி திருமணமும் கிடையாது. செய்யாத தப்புக்கு ஆயுள் முழுக்கத் தண்டனை!

சுப்புலட்சுமியின் பெற்றோர் மட்டும் வேறு விதமாக முடிவு செய்தார்கள். மகளின் தலைமுடியைத் தொட விடவில்லை. அவளை மூலையில் உட்கார வைக்கவும் இல்லை. படிக்க வைத்தார்கள்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள். அவரும் சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். அக்காள் மகளின் மேல் உயிரையே வைத்திருந்தார். இந்தச் சித்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் முக்கியமான ஒருவர் அவர்.

பட்டம் பெற்ற பெண்

எழும்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் சுப்புலட்சுமி சேர்ந்து படித்தார். ஊரில் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? உறவினர்கள் முகம் சுளித்தார்கள். பெற்றோர் அசையவில்லை. பள்ளிப்படிப்பு முடிந்ததும் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரியில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது. 1911ல் பி.ஏ. தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். சென்னை மாகாணத்திலேயே பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. பிறகு ஆசிரியர் பயிற்சியும் முடித்தார்.

இனி ஒரு நல்ல வேலையில் சேர்ந்து நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் தனக்குக் கிடைத்த பெற்றோர் எல்லாச் சிறுமிகளுக்கும் கிடைக்கவில்லையே என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஊர் ஊராக எத்தனையோ வீடுகளின் அடுப்படி மூலைகளில் சிறுமிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவர வேண்டும். எப்படி?

இந்தியாவின் மற்ற இடங்களில் சிலர் வழி காட்டியிருந்தார்கள். பண்டித ரமாபாய் 1889ல் பம்பாயில் சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கினார். புனேயில் டி. கே. கார்வே 1896ல் விதவைப் பெண்களுக்கான இல்லத்துக்கு வித்திட்டார். சென்னையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று சுப்புலட்சுமி நினைத்தார்.

நான்கு பேரோடு தொடங்கிய வீடு

1912ல் எழும்பூரில் அப்பாவின் வீட்டிலேயே இல்லம் தொடங்கியது. முதலில் வந்தவர்கள் நான்கே நான்கு சிறுமிகள். நான்கு பேரும் கணவனை இழந்தவர்கள். பெரிய விழா இல்லை, பந்தல் இல்லை. சாரதா இல்லம் என்று பெயர் வைத்தார்கள்.

அதே ஆண்டில் சாரதா மகளிர் சங்கத்தையும் சுப்புலட்சுமி தொடங்கினார். வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத பெண்கள் ஓரிடத்தில் கூடிப் பேச, சொற்பொழிவு கேட்க, நல்ல காரியங்களுக்கு உதவ அந்தச் சங்கம் இடம் கொடுத்தது. இல்லத்துக்கு அது பக்கபலமாக நின்றது.

இன்னொரு கையும் உதவிக்கு நீண்டது. கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அம்மையார் அரசாங்கத்தில் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தார். அவருக்கு ஒரு பெரிய கவலை. பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றால், பாடம் சொல்லித்தர ஆசிரியை இருந்தால் அனுப்புகிறோம் என்றார்கள் பெற்றோர்கள். ஆசிரியைகளுக்கு எங்கே போவது? திருமணமான பெண்களை வீட்டார் வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். திருமணமாகாத பெரிய பெண்களோ அந்தக் காலத்தில் கிடையாது.

இப்போது இரண்டு சிக்கல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஆசிரியைகள் இல்லாத பள்ளிகள். இன்னொரு பக்கம் வாழ வழியில்லாத சிறுமிகள். அந்தச் சிறுமிகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கிவிட்டால் இரண்டும் தீர்ந்துவிடும் அல்லவா? சுப்புலட்சுமியும் லிஞ்ச் அம்மையாரும் இதைத்தான் செய்தார்கள். ஆசிரியை ஆவதற்குப் படிக்கும் பெண்களுக்கு அரசின் உதவித்தொகை கிடைத்தது.

ஐஸ் ஹவுஸுக்குக் குடிபோனார்கள்

நான்கு பேர் பத்துப் பேரானார்கள், இன்னும் கூடினார்கள். எழும்பூர் வீடு போதவில்லை. வேறு வீடு தேடினால் ஒரு தொல்லை. விதவைப் பெண்கள் கூட்டமாகக் குடியிருக்க வீடு கொடுக்க மாட்டோம் என்றார்கள் வீட்டுக்காரர்கள். அவர்கள் தெருவில் நடந்தால் அக்கம்பக்கத்தாருக்குச் சகுனம் கெட்டுவிடுமாம்!

அப்போதுதான் ஐஸ் ஹவுஸ் கண்ணில் பட்டது. ஐயங்கார் காலத்துக்குப் பின் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஒதுக்குப்புறமான இடம். அங்கே பேய் உலாவுகிறது என்று கூடக் கதை கட்டியிருந்தார்கள். யாரும் வேண்டாம் என்ற கட்டடத்துக்கு, யாரும் வேண்டாம் என்ற சிறுமிகள் குடிபோனார்கள். 1910களில் அது அவர்களுடைய வீடாயிற்று. எதிரே பரந்த மணல். அதைத் தாண்டினால் கடல். இருட்டு மூலையிலேயே வளர்ந்த குழந்தைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

வீட்டை நடத்துவது விளையாட்டா?

இப்போது ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் நான்கைந்து பேர் இருப்பீர்கள். காலையில் ஒருவருக்குச் சீருடை காணோம், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு இட்லி வேண்டாம். அம்மாவும் அப்பாவும் திணறிப்போகிறார்கள். பல குடும்பங்களிலிருந்து வந்த பல வயதுச் சிறுமிகள் ஒரே கூரையின் கீழ் இருந்தால்? ஒவ்வொருத்தி மனத்திலும் ஒரு துக்கம் இருந்தால்? அந்த வீட்டை நடத்த என்ன வேண்டும்?

முதலில், சரியான வேலைக்குச் சரியான ஆள் வேண்டும். சுப்புலட்சுமி பகலில் பள்ளிக்கூட வேலைக்குப் போக வேண்டியவர். எல்லாவற்றையும் தானே செய்கிறேன் என்று அவர் கிளம்பியிருந்தால் எதுவுமே உருப்பட்டிருக்காது. வீட்டுப் பொறுப்பை வாலாம்பாள் சித்தியிடம் ஒப்படைத்தார். சமையலறை, சாப்பாடு, பிள்ளைகளின் உடம்பு, வீட்டுக் கட்டுப்பாடு எல்லாம் சித்தியின் கையில். சித்திக்குக் கல்லூரிப் பட்டம் இல்லை. ஆனால் அந்தச் சிறுமிகள் பட்ட துன்பம் என்ன என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும். அவரே அதை அனுபவித்தவர் அல்லவா? பரிவு காட்டுகிற வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி எது?

இரண்டாவது, நம்பிக்கை. பெண்ணைப் பெற்றவர்கள் பயந்துகொண்டே இருந்தார்கள். அங்கே போனால் ஆசாரம் கெட்டுவிடுமோ? மதம் மாற்றிவிடுவார்களோ? மறுமணம் செய்து வைத்துவிடுவார்களோ? சுப்புலட்சுமி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வீட்டில் எந்த வழக்கங்களோடு அந்தப் பெண்கள் வளர்ந்தார்களோ, அதே வழக்கங்களை இல்லத்திலும் கடைப்பிடித்தார். பூஜை, விரதம், சமையல் முறை எல்லாம் அப்படியே. மறுமணத்தைப் பற்றி அவர் மேடையேறி முழங்கவில்லை. படிப்பு என்ற ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து வந்த பெண் நல்லபடியாக இருக்கிறாள் என்று தெரிந்ததும், அடுத்த வீட்டின் கதவும் திறந்தது. இல்லம் பெருகியது இப்படித்தான்.

மூன்றாவது, போகும் இடம் எது என்ற தெளிவு. சோறு போட்டுப் பாதுகாப்பாக வைத்திருந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணும் ஒரு நாள் சொந்தக் காலில் நின்று, சம்பளம் வாங்கி, தலை நிமிர்ந்து வெளியே போக வேண்டும். அதற்கேற்ற படிப்பு, அதற்கேற்ற பயிற்சி. அப்படிப் போனவர்கள் ஆசிரியைகளானார்கள். எதிரே வந்தாலே ஆகாது என்று எந்த ஊர் ஒதுக்கியதோ, அந்த ஊரே தன் பிள்ளைகளை அவர்களிடம் படிக்க அனுப்பியது!

நான்காவது, பணம். நல்ல மனசு மட்டும் இருந்தால் அரிசி வந்துவிடாது. அரசு உதவித்தொகை ஒரு பக்கம், நல்லவர்கள் கொடுத்த உதவி ஒரு பக்கம், சாரதா மகளிர் சங்கம் ஒரு பக்கம் என்று பல வாய்க்கால்களிலிருந்து தண்ணீர் வரும்படி பார்த்துக்கொண்டார். ஒரு வாய்க்கால் வற்றினாலும் பயிர் காயக் கூடாதே!

எல்லாருக்கும் திறக்காத கதவு

குழந்தைகளே, பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது நல்லதை மட்டும் பார்த்தால் போதாது. எட்டாமல் நின்றது எது என்றும் பார்க்க வேண்டும்.

ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமணக் குடும்பங்களைச் சேர்ந்த விதவைச் சிறுமிகளுக்கான இல்லமாகவே நடந்தது. பெற்றோரின் நம்பிக்கையைப் பெற அந்தக் கட்டுப்பாடு அப்போது தேவை என்று நினைத்தார்கள். அதனால் பல சிறுமிகள் வெளியே வந்தார்கள் என்பது உண்மை. அதே கட்டுப்பாட்டால் மற்றச் சாதிகளைச் சேர்ந்த சிறுமிகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை என்பதும் உண்மை.

இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுப்புலட்சுமி பிறந்த அதே 1886ல், அவருக்குச் சில வாரங்கள் முன்னால், ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. படித்து மருத்துவரானார். சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார். கோயில்களுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி வழக்கத்தை எதிர்த்துப் போராடினார். அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமிகள் அவரிடம் அடைக்கலம் கேட்டார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதி கிடைக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தானே ஒரு இல்லத்தைத் தொடங்கிவிட்டார். 1930ல் பிறந்த அந்த ஔவை இல்லம் சாதி பார்க்கவில்லை. பிறகு அடையாறில் வேரூன்றியது. 1954ல் அதே அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையையும் அவர் உருவாக்கினார்.

ஒரே வயதுள்ள இரண்டு பெண்கள், ஒரே நகரம், இரண்டு இல்லங்கள். ஒருவர் பழைய வீட்டுக்குள்ளிருந்தே கதவை மெல்லத் திறந்தார். இன்னொருவர் வெளியே நின்றவர்களுக்காகப் புது வாசலே கட்டினார். ஊருக்கு இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்து தியாகராய நகர் வரை

சுப்புலட்சுமியும் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. ஆசிரியைகளை உருவாக்க ஒரு முழுக் கல்லூரியே வேண்டும் என்று அரசு 1922ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியது. அதற்கு முதல் முதல்வர் சுப்புலட்சுமிதான். கல்லூரியோடு சேர்ந்து ஒரு பள்ளியும் இருந்தது. பயிற்சி பெறும் பெண்கள் அங்கேயே பாடம் நடத்திப் பழகினார்கள். இந்தக் கல்லூரியும் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது.

1920களிலேயே சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்யாலயா என்ற பள்ளியும் தொடங்கியது. பள்ளி வளர்ந்தது. 1930களில் அதை ராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றுக்கொண்டது. இன்று தியாகராய நகரில் அந்தப் பள்ளி பெரிய மரமாக நிற்கிறது. உங்களில் சிலர் அங்கே படித்துக்கொண்டிருக்கலாம்!

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தானே பெற்று வளர்த்த ஒரு பள்ளியை இன்னொரு கையில் கொடுப்பது எளிதா? நம் வீட்டில் நாம் நட்ட ரோஜாச் செடிக்கு வேறு யாராவது தண்ணீர் ஊற்றினால் கூட நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் தன்னால் மட்டுமே நடக்கும் காரியம், தன்னோடு முடிந்துபோகும். நன்றாக நடத்தக்கூடியவர்களிடம் நல்ல நேரத்தில் ஒப்படைத்தால், தான் போன பிறகும் அது நடக்கும். நல்ல தலைவர்களுக்கு இது தெரியும். ஐந்தாவது பாடம் என்று இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இல்லத்துக்கு வந்த ஒவ்வொரு சிறுமியின் துன்பத்துக்கும் வேர் ஒன்றுதான்: குழந்தைத் திருமணம். அந்த வேரை வெட்டாமல் எத்தனை இல்லம் நடத்தினாலும் போதாது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் போன்றவர்கள் அடையாறில் 1917ல் தொடங்கிய இந்தியப் பெண்கள் சங்கம் இதற்காக உழைத்தது. சுப்புலட்சுமி அரசாங்க ஊழியர். நினைத்ததையெல்லாம் வெளிப்படையாகப் பேச முடியாத நிலை. இருந்தாலும் குழந்தைத் திருமணத்துக்கு எதிரான முயற்சிகளில் அவர் துணை நின்றார். 1929ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14 வயது, ஆணுக்கு 18 வயது ஆகாமல் திருமணம் கூடாது என்றது அந்தச் சட்டம். பிற்காலத்தில் அந்த வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று உயர்ந்தது.

ஓய்வு என்றால் ஓய்வா?

1940களின் தொடக்கத்தில் சுப்புலட்சுமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பேரன் பேத்திகளைக் கொஞ்சும் வயது என்பார்களே, அந்த வயது. அவருக்கோ ஊரே குடும்பம். தான் பிறந்த மயிலாப்பூருக்கே திரும்பினார். சிறு வயதில் படிக்க முடியாமல் போன பெரிய பெண்களுக்காக 1942ல் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற பள்ளியை மயிலாப்பூரில் தொடங்கினார். குழந்தை பெற்ற பிறகும் சிலேட்டு பிடிக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை அது காட்டியது.

மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் தலைவராக இருந்தபோது 1956ல் ஒரு பள்ளியைத் தொடங்கக் காரணமானார். அதுதான் மயிலாப்பூரில் இன்று பெயர் பெற்று விளங்கும் வித்யா மந்திர். தாம்பரத்துக்கு அருகே உள்ள மாடம்பாக்கம் அப்போது கிராமம். அங்கே 1954ல் பெண்கள் நல மையம் ஒன்று உருவாகவும் உழைத்தார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார்.

விருதுகளும் தேடி வந்தன. ஆங்கில அரசு 1920ல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. சுதந்திர இந்தியாவின் அரசு 1958ல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1969 டிசம்பர் 20ஆம் தேதி, தமது 83ஆம் வயதில் அவர் காலமானார்.

இன்றைய வீடுகளுக்கு என்ன சொல்கிறார்?

குழந்தை விதவைகள் இல்லம் இன்று தேவைப்படவில்லை. அது நமக்கு மகிழ்ச்சி. ஆனால் பிறருடைய பராமரிப்பில் இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கம் எத்தனையோ வீடுகளில் தாத்தா பாட்டிகள் மட்டும் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு மருந்து கொடுக்க, குளிப்பாட்ட, கைபிடித்து நடத்த, வீட்டுக்கே ஆள் அனுப்பும் சேவை நிறுவனங்கள் இப்போது வந்துவிட்டன. நர்ஸ் அக்காக்களும் ஆயாக்களும் வீடு தேடி வருகிறார்கள்.

அப்படி ஒரு சேவையை நடத்துகிறவருக்கும் ஐஸ் ஹவுஸில் பாடம் இருக்கிறது. சித்தியைப் போல் பரிவுள்ளவரை வேலைக்கு வைக்க வேண்டும். அந்த வீட்டுத் தாத்தா எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், பாட்டிக்கு எந்தச் சாமி பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டு, அந்த வீட்டு வழக்கத்தை மதிக்க வேண்டும். படுத்தவர் எழுந்து உட்கார்ந்தால், உட்கார்ந்தவர் நான்கடி நடந்தால், அதுதான் வெற்றி என்று நினைக்க வேண்டும். கணக்கு நேராக இருக்க வேண்டும். ஒருவர் விடுப்பு எடுத்தாலும் மருந்து வேளை தவறாதபடி இன்னொருவரைப் பழக்கி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கதவு யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். காசு உள்ளவர்களுக்கு மட்டும் பராமரிப்பு கிடைத்தால் போதுமா? இது பெரியவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி. நாளைக்கு நீங்களும்தான் பெரியவர்கள்!

அதுவரை, உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். பாட்டியின் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தாத்தா இன்று மாத்திரை போட்டாரா என்று கேட்டீர்களா? அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தீர்களா? பத்து வயதில் கூட ஒரு வீட்டைத் தாங்கும் தூணாக இருக்கலாம்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், அந்த உருண்டைக் கட்டடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள், குழந்தைகளே. ஒரு காலத்தில் அங்கே பனிக்கட்டி இருந்தது, உருகிப் போயிற்று. பிறகு அங்கே சில சிறுமிகள் இருந்தார்கள். அவர்கள் படித்து ஆசிரியைகளாகி, யார் யாருக்கோ எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களிடம் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படிப்பு இன்னும் உருகவில்லை.